வெள்ளி வந்த வழி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தாமிரபரணி மணலில் கிடைக்கிற செப்புக்காசுகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிப்பேர் "செம்பு போதும், வெள்ளிக்கு வாங்க" என்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க வெள்ளிதான். பெரும்பாலும் கி.பி. 600க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்துக் காசுகள். ஓரிரு கேள்வி அந்த எல்லையைத் தாண்டிப் போகும், கண்டுகொள்ள வேண்டாம்.

கேள்வி: தாத்தாவின் இரும்புப் பெட்டியில் ஒரு வெள்ளிக்காசு இருந்தது. ஒரு பக்கம் மூக்கு மாதிரி ஒரு கோடு, சுற்றி நிறையப் புள்ளிகள். மறுபக்கம் நடுவில் ஒரு தூண், ரெண்டு பக்கமும் கோடு கோடாக ஏதோ. எழுத்தே இல்லை. பஜாரில் காட்டினால் 'கழுதைக்காசு' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். சோழர் காலத்துக் காசா?
— திருநெல்வேலி டவுன் வாசகர்

பதில்: சோழர் காசு இல்லை அண்ணாச்சி. ஆனால் சிரிக்கிற காசும் இல்லை. நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் இது வடக்கே 'கதையா' என்று சொல்கிற காசு. குஜராத், ராஜஸ்தான், மாளவம், கொங்கணம் என்று மேற்கு இந்தியா முழுக்க நூற்றாண்டுக்கணக்கில் புழங்கியது. பெயரோடு சேர்த்து அங்கேயும் ஒரு கழுதைக் கதை சொல்வார்கள், அதை விடுங்கள், காசின் கதை அதைவிட நன்றாக இருக்கும்.

அந்த மூக்குக் கோடு ஒரு ராஜாவின் முகம். ஈரானை ஆண்ட சாசானியர்கள் மெல்லிசாக, அகலமாக, சுமார் 4 கிராம் எடையில் நல்ல வெள்ளிக்காசு அடித்தார்கள். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா தலை, மறுபக்கம் தீ எரிகிற மேடை, மேடைக்கு இரண்டு பக்கமும் காவலுக்கு ஆள். பெரோஸ் என்று ஒரு சாசானிய ராஜா, 459 முதல் 484 வரை ஆண்டவன், கிழக்கே இருந்த ஹூணர்களோடு மோதித் தோற்றுப் பிடிபட்டான். என்னை விட்டால் முப்பது கோவேறு கழுதை சுமக்கிற அளவு வெள்ளிக்காசு தருகிறேன் என்று ஒப்புக்கொண்டான். கஜானாவை வழித்தெடுத்தும் இருபது சுமைதான் தேறியது, மீதிக்கு மகன் கவாதைப் பிணையாக விட்டுவிட்டுப் போனான் என்று சிரியாக் மொழியில் எழுதப்பட்ட ஒரு வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. 484இல் மறுபடியும் அதே ஹூணர்களோடு சண்டைக்குப் போய்ச் செத்தான், அது வேறு.

அந்த ஹூணர்கள் இந்தியாவுக்குள் இறங்கியபோது இந்தக் காசும் கூடவே இறங்கியது. அவர்கள் அதைப் பார்த்து அச்சு வெட்டினார்கள். அவர்கள் வெட்டியதைப் பார்த்து இங்கிருந்தவர்கள் வெட்டினார்கள், அதைப் பார்த்து அடுத்த தலைமுறை. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? கண் புள்ளியாகிவிட்டது, கிரீடம் கோடாகிவிட்டது, தீ மேடை தூணாகிவிட்டது, காவலாளிகள் ரெண்டு பேரும் எங்கே என்று நீங்களே தேடிக்கொண்டிருக்கிறீர்கள். இவ்வளவு நடந்தும் எடை மட்டும் 4 கிராமைச் சுற்றியே நிற்கிறது. அகலம் குறைந்து தடிமன் கூடியது, போகப்போக வெள்ளியில் செம்பு சேர்ந்துகொண்டே வந்தது, ஆனாலும் தராசில் வைத்தால் அதே கணக்கு. சந்தையில் வாங்குகிறவனுக்கு யார் மூக்கு என்பது முக்கியமில்லை போலிருக்கிறது.

இந்த வம்சத்தில் பிறந்த காசுகளில் பெயரோடு நிற்பது கன்னோசியை ஆண்ட பிரதிகாரர்களின் காசு. மிகிர போஜன், ஏறக்குறைய 836இலிருந்து 885 வரை. ஒரு பக்கம் பன்றிமுகத்தோடு விஷ்ணு நிற்கிறார், மறுபக்கம் 'ஸ்ரீமதாதிவராஹ' என்று இரண்டு வரி. அந்த வரிகளுக்குக் கீழே கூர்ந்து பார்த்தால் பழைய தீ மேடையின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். வராக அவதாரத்துக்குக் கீழே ஈரானியத் தீ மேடை! நான் இதுவரை பார்த்த காசுகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கேள்வி: எங்கள் ஊர் எரிச்சாவுடையார் கோயில் கல்வெட்டில் வரகுண பாண்டியன் காசு கொடுத்த செய்தி இருக்கிறது. அது வெள்ளியா, பொன்னா? பாண்டியர்கள் வெள்ளிக்காசே அடிக்கவில்லையா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: அய்யா, கேட்டதே உங்கள் ஊரைப் பற்றி, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வரகுணன் அப்போது ஊரிலேயே இல்லை. தொண்டை நாட்டில், பெண்ணை ஆற்றங்கரையில் அரைசூர் என்ற இடத்தில் பாளையம் இறங்கியிருந்தான். அங்கிருந்தபடியே 290 காசை இளங்கோக்குடிச் சபையார் கையில் கொடுக்க ஏற்பாடு செய்கிறான். இளங்கோக்குடி என்பது உங்கள் அம்பாசமுத்திரம்தான். முதல் கெடக்கூடாது, வட்டி மட்டும் கோயிலுக்கு வர வேண்டும். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல், ஆக 580 கலம். திருச்செந்தூர்க் கல்வெட்டில் இதே கணக்கு இன்னும் பெரிசாக வருகிறது. 1400 காசு, பல ஊர்ச் சபைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, அதே இரண்டு கலம் வட்டி. வாங்கிக்கொண்ட ஊர்களில் கொற்கையும் உண்டு. அந்தக் காலத்து ஊர்ச்சபை பாதி கோயில் நிர்வாகம், பாதி வங்கி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வெள்ளியா, பொன்னா என்றால், பொன் என்றுதான் நான் சொல்வேன். ஒரு காசுக்கு வருடா வருடம் இரண்டு கலம் நெல் வட்டி என்றால் அது சின்ன மதிப்பு இல்லை. அந்தக் காலக் கல்வெட்டுகளில் பெரிய கொடுக்கல் வாங்கல் எல்லாம் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று பொன் நிறுக்கிற அளவையில்தான் நடக்கிறது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. 'தீப்போக்குச் செம்பொன்' என்று எழுதுவார்கள், நெருப்பில் காட்டி மாற்றுப் பார்த்த பொன். வெள்ளிக்கு இந்த மரியாதை கிடையாது, விளக்கு, தட்டு, கலசம் என்று பாத்திரமாகத்தான் அது கல்வெட்டில் வரும்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. நம் மண்ணில் வெள்ளி வெட்டியெடுக்கச் சுரங்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வெளியே இருந்து வந்தால்தான் உண்டு. வந்த காலமும் உண்டு அய்யா. சங்க காலத்தை ஒட்டிப் பாண்டியர்கள் வெள்ளியில் முத்திரைக்காசு அடித்திருக்கிறார்கள், போடிநாயக்கனூரில் கிடைத்த புதையல் அந்த வகை, பின்பக்கம் மீன் இருக்கும். அதற்கு அடுத்து ரோமாபுரி வெள்ளி. அகஸ்டஸ், திபேரியஸ் இரண்டு பேரும் அடித்த தெனாரியஸ் காசுகள் தமிழ்நாட்டில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. மிளகும் முத்தும் போயின, வெள்ளி வந்தது. அந்த வரத்து நின்றபிறகு, வரகுணன் காலத்துக்கு வரும்போது, இந்தப் பக்கம் வெள்ளிக்காசு அடிக்கக் கையில் சரக்கு இல்லை. கொற்கையில் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் இன்றும் இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கிற இடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டறை இருந்தது, ஆள் இருந்தான், வெள்ளிதான் இல்லை.

ஒரு ராஜா வெள்ளிக்காசு அடித்தான் என்று படித்தால், அவன் எவ்வளவு பெரிய ராஜா என்று கேட்பதைவிட வெள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்பது நல்லது என்று நான் அடிக்கடி எழுதுவது இதனால்தான்.

கேள்வி: அப்படியானால் ராஜராஜ சோழன் மட்டும் எப்படி வெள்ளிக்காசு அடித்தான்?
— சேரன்மகாதேவி வாசகர்

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதிலும் நிகரிலிச்சோழச் சதுர்வேதிமங்கலம் என்று சோழன் பெயரை ஒரு காலத்தில் சுமந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள்.

ராஜராஜனுக்கு முன்னாலேயே அவன் சிற்றப்பன் உத்தம சோழன், 970களிலும் 980களிலும் ஆண்டவன், வெள்ளியில் அடித்துவிட்டான். புலி, மீன், சுற்றிலும் கிரந்த எழுத்தில் 'உத்தம சோழன்'. ராஜராஜன் காசில் புலியும் மீனும் வில்லும் சேர்ந்து வரும், எழுத்து நாகரியில் இருக்கும். மூன்று அரசும் என் கையில் என்று மூன்று சின்னத்தையும் ஒரே காசில் போட்டுவிட்டான். ராஜேந்திரன் 'கங்கைகொண்ட சோழன்' என்றே பொறித்தான். இன்னொரு வகை இருக்கிறது, ஒரு பக்கம் ஆள் நிற்பார், மறுபக்கம் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. அது செம்பில் ஏராளம். இலங்கை ராஜாக்கள் பிற்பாடு அந்த மாதிரியையே எடுத்துக்கொண்டு தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள், பராக்கிரமபாகு வரைக்கும்.

வெள்ளி எங்கிருந்து என்று கேட்டீர்களானால், தஞ்சைக் கோயில் சுவரே பாதி பதில் சொல்கிறது. சேரமானையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து கோயிலுக்குக் கொடுத்தேன் என்று ராஜராஜன் எழுதி வைத்திருக்கிறான். நம்மவர்கள் பண்டாரம்தான் அங்கே போயிருக்கிறது, வருத்தப்பட்டு என்ன செய்ய. காசுக்கும் அதே பண்டாரம் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

இந்த இடத்தில் ராஜராஜன் ஆண்ட அதே வருடங்களில் இங்கிலாந்தில் ஆண்ட ஒருவனைச் சொல்லாமல் போக மனசில்லை. ராஜராஜன் 985 முதல் 1014, எத்தல்ரெட் 978 முதல் 1016. இவனுக்கு வெள்ளி உள்ளே வந்தது, அவனிடமிருந்து வெளியே போனது. டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வைக்கிங்குகள் கப்பலில் வந்து இறங்குவார்கள், சண்டை போடாமல் திரும்பிப் போகப் பணம் கேட்பார்கள். 991இல் 10,000 பவுண்டு வெள்ளி, 1002இல் 24,000, 1012இல் 48,000 என்று அந்த நாட்டு ஆண்டுக்குறிப்பே கணக்கு வைத்திருக்கிறது. ஒரு பவுண்டுக்கு 240 வெள்ளிப் பென்னி. அப்படியானால் 1012இல் மட்டும் 1 கோடியே 15 லட்சத்து 20 ஆயிரம் காசு! கொடுத்தால் போய்விடுவார்கள் என்று கொடுத்தான், போய்விட்டு இன்னும் கூட்டமாக வந்தார்கள். எத்தல்ரெட் பெயர் போட்ட காசுகள் இன்றைக்கு இங்கிலாந்து மண்ணில் கிடைத்ததைவிட ஸ்காண்டிநேவியா மண்ணில் கிடைத்ததுதான் அதிகம்.

ஆனால் காசு என்ற முறையில் பார்த்தால் எத்தல்ரெட்டின் காசு ராஜராஜன் காசைவிட நேர்த்தி, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஒவ்வொரு பென்னியிலும் ஒரு பக்கம் ராஜா பெயர், மறுபக்கம் அதை அடித்த அக்கசாலையன் பெயர், அடித்த ஊர் பெயர். சில வருடத்துக்கு ஒருமுறை பழைய அச்சைச் செல்லாததாக்கிப் புது அச்சுக் கொண்டுவருவார்கள். காசில் கலப்படம் என்றால் எந்த ஊர், எந்த ஆள் என்று அப்போதே தெரிந்துவிடும். அவனுக்கு முன்னால் அதெல்ஸ்டன் என்ற ராஜா, 924 முதல் 939 வரை ஆண்டவன், கள்ளக்காசு அடித்தவன் கையை வெட்டி அவன் பட்டறையிலேயே மாட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டான். நம் சோழர் காசிலோ ஊரும் இல்லை, வருடமும் இல்லை. கோயில் சுவரில் அரைக்கால் மா நிலத்துக்குக்கூட எல்லை எழுதியவர்கள் காசில் ஒரு வருடம் போட்டிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி: அரபு நாட்டுப் பழைய வெள்ளிக்காசுகளில் ராஜா படம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் இருக்கிறதே, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானா?
— காயல்பட்டினம் வாசகர்

பதில்: ஆரம்பத்தில் அப்படி இல்லை காக்கா. அரபுகள் ஈரானைப் பிடித்தபோது அங்கே ஓடிக்கொண்டிருந்த சாசானிய அச்சை அப்படியே ஓடவிட்டார்கள். குஸ்ரோ ராஜாவின் தலை, தீ மேடை எல்லாம் அப்படியே, ஓரத்தில் மட்டும் 'பிஸ்மில்லாஹ்'. சந்தைக்குப் பழகின காசு, அதை ஒரே நாளில் மாற்ற முடியாது. டவுன் அண்ணாச்சி கையில் இருக்கிற காசும் இதே குடும்பம்தான்.

மாற்றியவர் கலீஃபா அப்துல் மாலிக், 685 முதல் 705 வரை ஆண்டவர். ஹிஜ்ரி 77இல் தங்கத் தினாரிலும் ஹிஜ்ரி 79இல், அதாவது 698-99இல், வெள்ளித் திர்ஹமிலும் படத்தை எடுத்துவிட்டு முழுக்க எழுத்தாக்கினார். கலிமா, திருக்குர்ஆன் வசனம், அடித்த ஊர், அடித்த வருடம், அவ்வளவுதான். தன் பெயரைக்கூட அவர் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்துத் திர்ஹம் ஏழு தினார் எடைக்குச் சமம் என்று கணக்கும் வந்தது, ஒரு திர்ஹம் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இதனால் இன்றைக்கு மண்ணில் ஒரு திர்ஹம் கிடைத்தால் ஈராக்கில் வாசித் என்ற ஊரில் அடித்ததா, மத்திய ஆசியாவின் சமர்கந்தில் அடித்ததா, எந்த வருடம் என்று அதையே படித்துச் சொல்லிவிடலாம்.

அந்த வசதியால்தான் அவற்றின் பயணம் நமக்குத் தெரிகிறது. 1999இல் ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் ஸ்பில்லிங்ஸ் என்ற இடத்தில் ஒரு பண்ணை நிலத்துக்கு அடியில் 67 கிலோ வெள்ளி கிடைத்தது. அதில் 14,000க்கும் மேற்பட்ட காசுகள், பெரும்பாலும் திர்ஹம்கள். 870க்குப் பிறகு புதைத்திருக்கிறார்கள். தோல், தேன், மெழுகு, அடிமைகள் என்று வடக்கிலிருந்து வோல்கா ஆற்று வழியாகச் சரக்குப் போனது, வெள்ளி திரும்பி வந்தது. அதற்கடுத்த நூற்றாண்டில் மத்திய ஆசியாவை ஆண்ட சமானியர்கள், முக்கியமாக இஸ்மாயிலும் அவர் பேரன் நஸ்ரும், அடித்துத் தள்ளிய திர்ஹம்கள் இன்னும் அதிகமாகப் போயின. பனி பெய்கிற ஊரில் எவனுக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. கத்தி முனையால் குத்திப் பார்த்து, உள்ளே வெள்ளிதானா என்று உறுதி செய்துகொண்டு, சில்லறை வேண்டுமென்றால் காசையே வெட்டித் துண்டாக்கி நிறுத்துக் கொடுத்தார்கள். அந்தக் குத்தும் வெட்டும் இன்றும் காசுகளில் தெரியும்.

ஸ்பில்லிங்ஸ் குவியலில் ஒரு காசு தனி. பார்வைக்குத் திர்ஹம்தான், ஆனால் அதில் 'மூஸா அல்லாஹ்வின் தூதர்' என்று பொறித்திருக்கிறது. காஸ்பியன் கடலுக்கு வடக்கே கஸார்கள் என்று ஒரு துருக்கி இனத்தார், யூத சமயத்தைத் தழுவியவர்கள், அவர்கள் 830களில் அடித்த காசு. ஊரெல்லாம் நம்புகிற காசின் உருவத்தை எடுத்துக்கொண்டு ஒரு வரியை மட்டும் மாற்றினார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் இதே வெள்ளி ஓடியதா என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். பாண்டியர் காலத்துக் காயல் வணிகத்தில் பெரிய செலவு குதிரை. 13ஆம் நூற்றாண்டு முடியும் நேரத்தைப் பற்றி எழுதிய பாரசீகர் வஸ்ஸாஃப் ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் என்று கணக்குச் சொல்கிறார். அங்கேயும் பொன்தான் பேசுகிறது.

கேள்வி: இங்கிலாந்து ராஜா ஒருவர் அரபு எழுத்தில் காசு அடித்தார் என்று படித்தேன், உண்மையா? அந்தக் காலத்தில் ராணிகள் பெயரில் காசு உண்டா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உண்மைதான் தங்கச்சி, ஆனால் அது தங்கக்காசு. இங்கிலாந்துக்குள் அப்போது தனி ராஜ்யமாக இருந்த மெர்சியாவை 757 முதல் 796 வரை ஆண்ட ஓஃபா. ஹிஜ்ரி 157ஆம் வருடத்து அப்பாசியத் தினாரைப் பார்த்து ஒருவன் அச்சு வெட்டியிருக்கிறான், நடுவில் லத்தீனில் ராஜா பெயரைச் சேர்த்திருக்கிறான். வெட்டியவனுக்கு அரபி எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாது, அதனால் அரபி நேராக இருக்கும்படி பிடித்தால் ஓஃபா தலைகீழாக நிற்கிறார். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

ஓஃபாவின் நிஜமான பெருமை அவருடைய வெள்ளிப் பென்னி. அதற்கு முன்னால் அங்கே புழங்கியது குட்டையான, தடித்த சின்ன வெள்ளிக்காசு, அதில் பெரும்பாலும் ராஜா பெயரே இருக்காது. ஓஃபா காலத்தில் அது அகலமாக, மெல்லிசாக, ராஜா பெயரோடு மாறியது. கடலுக்கு அந்தப் பக்கம் பிராங்குகள் செய்ததைப் பார்த்துத்தான். அங்கே பிராங்குகளின் ராஜா சார்லமேன் 793-94 வாக்கில் காசின் எடையை 1.3 கிராமிலிருந்து 1.7 கிராமாக ஏற்றினார், 794இல் பிராங்ஃபர்ட்டில் கூடிய சபையில் புதுக்காசை யாரும் மறுக்கக் கூடாது, மறுத்தால் அபராதம் என்றும் விதித்தார். அவருக்கு வெள்ளி கொடுத்தது பிரான்சில் மெல் என்ற ஊர்ச் சுரங்கம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற அவருடைய காலத்துக் கணக்கு பிரிட்டனில் 1971 பிப்ரவரி வரை ஓடியது. 12 தம்பிடி ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று 1957 வரை கணக்குப் போட்ட உங்கள் ஆச்சியிடம் இதைச் சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ராணிகளா? உண்டு. ஓஃபாவின் மனைவி கினெத்ரித் பெயரில், முகத்தோடு, வெள்ளிப் பென்னி இருக்கிறது. ஆங்கிலோ சாக்சன் ராணிகளில் சொந்தப் பெயரில் காசு உள்ளவர் அவர் ஒருவர்தான். நம் பக்கத்தில் அஜ்மீர்ச் சவுகான் ராஜா அஜயராஜனின் ராணி சோமலதேவி. 12ஆம் நூற்றாண்டில் தன் பெயரில் வெள்ளியிலும் செம்பிலும் அடித்தார். அந்த வெள்ளிக்காசில் ஒரு பக்கம் அதே பழைய மூக்குக் கோடு!

கேள்வி: வீட்டுப் பரணில் ஒரு சுருக்குப்பை நிறையக் குட்டிக் குட்டி வெள்ளிக்காசுகள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. புள்ளியும் கோடும் இருக்கிறது. சோழர் காசு என்று ஒருவர் வாங்கிக்கொள்ளக் கேட்கிறார்.
— செங்கோட்டை வாசகர்

பதில்: செங்கோட்டை என்றதுமே பதில் வந்துவிட்டது. அது திருவிதாங்கூர்ச் சக்கரம். 1956 நவம்பர் 1 வரை உங்கள் ஊர் அந்த ராஜ்யத்துப் பக்கம் இருந்தது. ஒன்று அரை கிராம்கூட வராது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம். இவ்வளவு பொடிக்காசை ஆயிரக்கணக்கில் எப்படி எண்ணினார்கள் என்றால், அதற்கென்று பலகை இருந்தது. மரப்பலகையில் வரிசையாகச் சின்னக் குழிகள் குடைந்திருக்கும். காசை அள்ளிக் கொட்டி ஆட்டிச் சாய்த்தால் குழிக்கு ஒன்று உட்கார்ந்துவிடும், மீதி வழிந்துவிடும். பலகைக்கு எத்தனை குழி என்பது தெரிந்த கணக்கு. அந்தப் பலகையும் பரணில் கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், காசைவிட அதுதான் அபூர்வம். சோழர் காசு என்று யாரிடமும் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

கேள்வி: பழைய வெள்ளிக்காசு கறுத்துப்போயிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா, விபூதி போதுமா?
— கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்: ரெண்டும் வேண்டாம் அக்கா. குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்கு ஆகாது. அந்தக் கறுப்பு வெள்ளியின் மேல்தோலே நிறம் மாறியதுதான், தேய்த்தால் கறுப்போடு எழுத்தும் போகும். செம்பு கலந்த வெள்ளியில் புளி பட்டால் செம்பு அரித்து மேல் எல்லாம் குழி விழுந்துவிடும். மண் ஒட்டியிருந்தால் வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறப்போட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பருத்தித் துணியில் உலரவிடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். வளவளப்பான பிளாஸ்டிக் உறையில் மட்டும் வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், அது கசிந்து பச்சையாகப் பிசுபிசுத்துக் காசைக் கெடுக்கும். கெட்டியான காகித உறை போதும்.

கேள்வி: கிணறு வெட்டும்போதோ ஆழ உழும்போதோ பானையோடு காசு கிடைத்தால் எடுத்தவருக்கே சொந்தமா?
— சங்கரன்கோவில் விவசாயி

பதில்: அப்படி எடுத்துக்கொண்டு போய்விட முடியாது அண்ணாச்சி. 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்றதும் சிரிக்காதீர்கள், அது எழுதின காலத்துப் பத்து ரூபாய். மறைத்தால் தண்டனை உண்டு. முறையாகத் தெரிவித்தால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு, ஈடு என்று அதே சட்டம் வழி சொல்கிறது. அதோடு 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

தாசில்தார் வருவதற்குள் பங்காளிகள் ஆளுக்குப் பத்து என்று பிரித்துக்கொள்வதுதான் ஊர்வழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள். எந்தக் காசு எந்தக் காசோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் யார் காலத்தில் புதைத்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பார்கள். எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று ஒரு குச்சியை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள், செல்போனில் ரெண்டு படம் எடுங்கள், பானை உடைந்திருந்தால் அந்த ஓடுகளையும் பொறுக்கிச் சேர்த்து வையுங்கள்.